தெற்கு கோலுக்குப் பின்னால் லோர்னா

லோர்னா பிரூயிட்டின் வாய்க்குப் பயந்து எங்கள் ஊருக்கு ஆட வரவே யோசித்த பெண்கள் உண்டு. பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் காலையெல்லாம் முட்டை பொரித்துப் போடுகிறவள். சாயங்காலம் ஆட்டம் என்றால் ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு, பெண்கள் கால்பந்து அரங்கத்தில் எதிரணி கோலுக்குப் பின்னால், வேலியை ஒட்டின முதல் பெஞ்சில் வந்து குந்திவிடுவாள். அரங்கம் என்றால் ஆகா ஓகோ என்றெல்லாம் இல்லை. நாலைந்து வரிசை தகர பெஞ்சு, ஒரு பாப்கார்ன் கடை, அந்தப் பக்கம் அயோவா மாநிலத்துச் சோளக்காடு. ஆனால் வேலிக்கும் வலைக்கும் நடுவில் கை நீட்டுகிற தூரம்தான். மற்றவர்கள் ஓடித் தப்பலாம், கோல்கீப்பர் எங்கே போவாள்? பாதி ஆட்டம் முழுக்க நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே ஒரு வழக்கம். நம் அணி கோல் போட்டதும் பின்னால் இருக்கிற கூட்டம் மொத்தமும் கையைக் காதில் போன் மாதிரி வைத்துக்கொள்ளும். லோர்னா எழுந்து கோல்கீப்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்கம்மா போன்ல!" என்பாள். "என்னவாம்?" என்று கூட்டம் கேட்கும். "நீ தண்டமாம்!" என்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடின பிள்ளைகள் எத்தனையோ. யார் பெற்ற பிள்ளையோ, இவளுக்கென்ன!

இவள் பெற்ற ஷெல்பியும் கோல்கீப்பர்தான். இதே மைதானத்தில் நம் அணிக்கு ஆடினவள். அப்போதும் லோர்னா ஒருநாள்கூட மகள் நின்ற பக்கம் உட்கார்ந்ததில்லை.

"நீ என் ஆட்டத்தைப் பாக்க வர்றியா, எவ பொண்ணையாவது அழவைக்க வர்றியா?" என்று ஷெல்பி கேட்டாள்.

"நான் கத்தலேன்னா நீங்க எங்கடி ஜெயிக்கிறது?" என்றாள் தாய்க்காரி.

போன வசந்தத்தில் ஷெல்பி மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டாள். நமக்குப் பரம்பரை எதிரி. வேறு இடமா கிடைக்கவில்லை? லோர்னா போனில் வெடித்தாள். "துரோகி! இனி இந்த வீட்டு வாசல் பக்கம் காலெடுத்து வைக்காதே!" ஷெல்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கோபம் தணிந்து இவள் போட்ட போன் ஒன்றையும் எடுக்கவில்லை. நவம்பரில் குடும்பமே கூடிச் சாப்பிடுகிற வான்கோழி விருந்து வருகிறது. மேசையில் மகள் நாற்காலி காலியாக இருக்குமே என்று லோர்னா மறுபடி மறுபடி போன் போட்டுப் பார்த்தாள்.

அக்டோபரில் அக்கரை அணி நம் ஊருக்கு ஆட வந்தது. முதல் பாதியில் லோர்னாவின் பெஞ்சுக்கு முன்னால், தெற்கு கோலில் ஷெல்பி.

பக்கத்து பெஞ்சு வெஸ்லி, ஓய்வுபெற்ற தபால்காரர், மெதுவாகக் கேட்டார். "இன்னிக்காவது வாயை வச்சிக்கிட்டு சும்மா இருப்பியா லோர்னா?"

"எதுக்கு இருக்கணும்? போனை எடுக்க மாட்டேங்கிறா. இங்க காதைக் கழட்டி வச்சிட்டா நிப்பா? விருந்துக்கு வீட்டுக்கு வாடின்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

"அதை மட்டும் சொல்லு. வேற எதையும் கொட்டித் தொலைச்சிடாதே."

"ஷெல்பி!" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. "ஏய், உன்னைத்தான்!" ஷெல்பி கையுறையை இறுக்கிக்கொண்டாளே தவிர அசையவில்லை.

"பாத்தீங்களா? முதுகைக் காட்டுறா! என்ன திமிரு!" லோர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ வளர்த்த பொண்ணுதானே," என்றார் வெஸ்லி.

அந்த நேரம் பார்த்து நம் அணிக்கு ஒரு கார்னர். பந்து ஷெல்பியின் கையுறையில் பட்டு வழுக்கி வலைக்குள் போய்விட்டது. அரங்கமே குதித்தது. கூட்டம் மொத்தமும் கையைக் காதில் வைத்துக்கொண்டு லோர்னாவைத் திரும்பிப் பார்த்தது.

விருந்துக்கு வா என்பதற்குத்தான் எழுந்தாள், சத்தியமாக. ஆனால் அத்தனை கண்ணும், எதிரே அந்த முதுகும்! பாழாய்ப்போன வாய், பழகின பாட்டையே பாடியது.

"ஷெல்பி! உங்கம்மா போன்ல!"

"என்னவாம்?" என்றது கூட்டம்.

"நீ தண்டமாம்!"

ஷெல்பி அப்போதுதான் திரும்பினாள். வலையிலிருந்து எடுத்த பந்தைக் கீழே வைத்தாள். கையுறையைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்கிற மாதிரி நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ராங் நம்பர்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிரணிப் பெண்ணுக்கு எங்கள் ஆட்கள் கை தட்டினதை அன்றைக்குத்தான் பார்த்தோம். வெஸ்லி மட்டும் சிரிக்கவில்லை. லோர்னா உட்கார்ந்துவிட்டாள்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. ஷெல்பி வடக்கு கோலுக்குப் போனாள். கூட்டமும் வழக்கம்போல பாப்கார்னும் போர்வையுமாக வடக்கே கிளம்பியது.

"வர்றியா?" என்றார் வெஸ்லி.

"நீங்க போங்க."

காலி பெஞ்சுகளுக்கு நடுவே அவள் ஒருத்தி. முன்னால் இப்போது நம் கோல்கீப்பர், ஷெல்பியின் இடத்துக்கு வந்த சின்னப் பெண். ஆட்டம் முடிகிற நேரத்தில் வடக்கே இன்னொரு கோல் விழுந்தது. லோர்னா இல்லாமலே அங்கே ஆரம்பித்துவிட்டார்கள். "ஷெல்பி! உங்கம்மா போன்ல!"

லோர்னா துள்ளி எழுந்து வேலியைப் பிடித்து உலுக்கினாள். "நிறுத்துங்கடா! நாசமாப் போறவனுங்களா! அவ அம்மா ஒண்ணும் சொல்லலடா! அவ அம்மா இங்க இருக்கேன்டா!"

ஊரையே நடுங்கவைத்த தொண்டை, பாதி மைதானத்தைக்கூடத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

முன்னால் நின்ற சின்னப் பெண் பயந்துபோய்த் திரும்பினாள். "யாரைத் திட்டுறீங்க? கோல் போட்டது நாமதானே?"

"என் பொண்ணுகிட்ட பேசிட்டிருக்கேன்," என்றாள் லோர்னா. "நீ முன்னாடி பாரு."