மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஷார்ஜாவின் பழைய சூக்கில், அதாவது கடைவீதியில், ஒரு பழம்பொருள் கடை. சுவரோரக் கம்பில் கறுப்புப் பட்டுச் சால்வை ஒன்று தொங்குகிறது. ஸ்பெயின் தேசத்துச் சீமாட்டிகளுக்காகச் சீனாவில் தைத்து அனுப்பியதாம். நடுவில் பெரிய மயில், சுற்றிலும் ரோஜாக்கள், ஓரமெல்லாம் முழ நீளக் குஞ்சம்.

புடவை வாங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? உடனே தூக்கிப் பின்பக்கம் பார்க்கிறேன். எவ்வளவு உசத்தியான எம்பிராய்டரி ஆனாலும் அதன் வண்டவாளம் அங்கேதான் தெரியும். இங்கேயோ அதே மயில், அதே மினுமினுப்பு. விரலால் தடவித் தேடியும் ஒரு முடிச்சு கிடைக்கவில்லை.

“நானும் தேடிப் பாத்துட்டேன்க்கா, மாஃபி, இல்லவே இல்ல!” என்று சிரிக்கிறார் விற்பனையாளர் செல்வம், சிவகங்கைக்காரர். “ரெண்டு பக்கமும் முன்பக்கந்தான்.”

அப்போது ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வேகமாக உள்ளே வருகிறார். சால்வையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிடுகிறது. நேற்றுப் பார்த்த மயில் வலப்பக்கம் திரும்பியிருந்ததே, அதை விற்றுவிட்டீர்களா, ராத்திரி முழுக்க அதே நினைப்பாக இருந்தேனே என்று புலம்புகிறார்.

“காலைல தூசி தட்டிட்டு மாத்தி மாட்டிட்டேன்க்கா,” என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, செல்வம் சால்வையை எடுத்துத் திருப்பி மாட்டுகிறார். மயில் வலப்பக்கம் பார்க்கிறது.

அந்தம்மா கிட்டே போய், ஓரத்தை மெல்லத் தூக்கி, முடிச்சைத் தேட ஆரம்பிக்கிறார்.

தேடட்டும் என்று நான் நகர்ந்து இடம் விடுகிறேன்.