வாய்க்கால் ஏற்றிய கிணறு

அக்கராயன் பக்கம், குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஆற்றின் மேற்பகுதியில், பெய்யும் மழையில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கணக்கிட்டோம். புதிதாகக் கிணறு வெட்ட எத்தனை பேருக்கு அனுமதிக்கலாம் என்பது அந்தக் கணக்கில்தான் இருந்தது. கிழமைக்கு இருமுறை மோட்டார் சைக்கிளில் போய்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பது என் வேலை.

காலபோக நெற்செய்கையின் நடுவில் மழை விட்டிருந்த நாட்களில், ஒரு வீட்டுக் கிணறு மட்டும் ஒரு முழம் ஏறியிருந்தது. எங்கள் பொறியியலாளர் நான் அளந்து எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "நாடாவைப் பிழையா வாசிச்சிருப்பியள். இந்தக் கிணத்தை விடுவம்" என்றார்.

"இல்லை சேர். ரெண்டு தரம் அளந்தனான்."

அவர் அந்த வரியைப் பேனையால் வெட்டினார். பிழை என்மேல் வந்ததுதான் உறுத்தியது. மறுநாளே அந்த வீட்டுக்குப் போனேன். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்காவிடம், மழையில்லாமல் கிணறு எப்படி ஏறியது என்று கேட்டேன்.

"மேல சின்னக் குளத்துத் துருசைத் திறந்தவையெல்லோ. வாய்க்கால் ஓடினா எங்கட கிணறும் ஏறும், பிள்ளை."

அடுத்த முறை துருசை, அந்தக் குளத்து மதகை, திறந்து வயலுக்கு ஐந்து நாள் தண்ணீர் விட்டபோது அத்தனை நாளும் அங்கேயே நின்றேன். வாய்க்காலை ஒட்டிய கிணறுகள் முதலில் ஏறின, தள்ளியிருந்தவை ஏறவேயில்லை. அப்படியானால் மழைக்காலத்தில் நாங்கள் மழையால் இறங்கியதென்று எழுதியதில் ஒரு பங்கு வாய்க்கால் தண்ணீர். எங்கள் கணக்கு நிலத்தடி நீரைக் கூட்டிக் காட்டியிருந்தது.

நான் கீறிய வரைபைப் பொறியியலாளர் நீண்ட நேரம் பார்த்தார். "இதை நான் யோசிக்கேல்ல" என்றார். முழுக் கணக்கையும் திரும்பப் போட்டார். அனுமதிக்கக்கூடிய கிணறுகளின் தொகை குறைந்தது.

வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் அவர் எழுந்து, "பிழையைக் கண்டுபிடிச்சது இவாதான். இவாவே விளங்கப்படுத்துவா" என்று என்னைக் கைகாட்டினார். வரைபை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்ப புதுக் கிணறு வெட்டேலாதோ?" என்று சினந்து கேட்டார்.

"வெட்டலாம், ஐயா. நினைச்ச அளவுக்கு இல்லை. கூட வெட்டினா இப்ப இருக்கிற கிணறுகளும் கோடையில வத்திப்போகும்."

அவர் சற்று யோசித்து, "ஓம், அது சரிதான்" என்று கதிரையில் அமர்ந்தார். பொறியியலாளரை ஒருதரமும் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்போது அளவெடுக்கும் தாளில் நான் சேர்த்த ஒரு நிரல் இருக்கிறது: 'வாய்க்கால் ஓடியதா?' புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்காமல் அதை நிரப்புகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.