ஐஸ் அறைக்காரர்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் நாங்கள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். துறைமுக ஐஸ் அறையில் உறைந்த இறைச்சி தூக்கும் ஒருவர் வருவார். விரல்கள் சிவந்திருக்கும். மற்றவர்கள் அடுப்புப் பக்க மேசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாசலோரம் தனியாகச் சாப்பிடுவார்.

“பெரிய துரை, நம்மகூட உக்கார மாட்டாரு லா!” என்று கேலி செய்வார்கள்.

குளிரில் நின்றவராயிற்றே என்று ஒருநாள் அடுப்பருகே இலை போட்டேன்.

“வேணாம் தங்கச்சி. உடம்பு ஐஸுக்குப் பழகிருச்சு. வெளியிலதான் சூடு தாங்கல.”

தீபாவளியன்று அவராகவே அந்த மேசைக்கு வந்தார். வியர்வை இலையில் சொட்டியது.

“வாசலுக்கு வாங்கண்ணே,” என்றேன்.

“இருக்கட்டும்மா. எல்லாரும் பேசுறாங்கல்ல, கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன்.”

குளிரில் வேலை செய்தால் உடம்பு அப்படி மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.