பெயருக்குப் பின் ஒரு மௌனம்

அமெரிக்காவில் என் மகன் வீட்டுக்குப் போன புதிதில், காலை வழிபாட்டை முடித்துக் கூடத்துக்கு வந்தவன், அங்கிருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் ஓங்கித் தட்டிவிட்டேன். திரையில் ஒரு சிவப்புப் பந்து உருண்டு வந்து நின்றது. ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சொன்னது. பிறகு ஒன்றுமே நிகழவில்லை. உள்ளே ஓடிய வீடியோ நாடா சிக்கிக்கொண்டது என்றே எண்ணினேன். மருமகள் உமா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "அது ரிப்பேர் இல்ல மாமா. புள்ள திருப்பிச் சொல்லட்டும்னு விட்டிருக்காங்க."

அந்தப் பிள்ளை என் பேரன் குமரன். இரண்டு வயது கடந்தும் ஒரு சொல் பேசவில்லை. செவியில் குறையில்லை, பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். உமாவால் பொறுக்க முடியவில்லை. யாரோ சொல்ல, மழலையருக்கான அந்த வீடியோ நாடாவை வாங்கியிருந்தாள். எங்கள் ஊரான திண்டுக்கல்லில் மார்கழி விடியலில் நாங்கள் பதிகம் ஓதும்போது, முன்னவர் ஓரடி பாடி நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் எங்கள் குரல் பிறக்கும். சப்பாணி கொட்டச் சொல்லியும் நிலவை விளையாட அழைத்தும் தெய்வத்தையே பிள்ளையாக்கிப் பாடிய தமிழில் ஊறிய எனக்கு, முகம் தெரியாத அந்தப் படக்காரர்கள் அயலவராகத் தோன்றவில்லை. குழந்தையின் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். சில வாரங்களில் குமரன் அந்த இடைவெளியில் உதடு குவித்து ஏதோ ஓர் ஒலி எழுப்பினான். உமா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அந்தக் கோடையில் அவனுக்குக் காது குத்தத் திண்டுக்கல் வந்து, என் மகள் செல்வியின் வீட்டில் தங்கினோம். கொண்டுவந்த நாடாவைப் போட்டால் திரையில் கோடுகளே ஓடின. பேருந்து நிலையத்தருகே பழுதுபார்க்கும் கடைக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அந்த ஊரு முறை சார். நம்ம டிவிக்குப் புரியாது" என்றார். குமரனின் உதடுகள் மீண்டும் அசையாமற்போயின. வந்த ஒலியும் போய்விடுமோ என்று அஞ்சிய உமா, முன்னதாகவே திரும்பிவிடலாமா என்று என் மகனிடம் கேட்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் செல்வி இரண்டு நாற்காலிகளுக்கிடையே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் பின்னே போய் அமர்ந்தாள். வேட்டிக்கு மேலே ஒரு தக்காளி எழுந்தது. கூடவே அது எந்தச் சந்தையில் வாங்கியது, என்ன விலை, எத்தனை அழுகல் என்ற விவரங்களெல்லாம் எழுந்தன. குமரன் எழுந்து போய்விட்டான்.

"பேரு மட்டும் சொல்லிட்டு செத்த நேரம் பேசாம இரு, செல்வி" என்றாள் உமா.

"வாயை மூடிக்கிட்டு இருக்கத்தான் அம்புட்டுத் தூரத்துல கேசட்டு போட்டு விக்கிறாகளா, அண்ணி?"

ஆனாலும் முயன்றாள். மறுநாள் வேட்டிக்கு மேலே ஒரு கை மெல்ல உயர்ந்தது. அதில் ஒரு ரப்பர் பந்து. "பந்து" என்றாள். பிறகு மௌனம். நான் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து அவள் தெரிந்தாள். பேச்சு வெளியே வந்துவிடாதபடி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். பிறந்தது முதல் ஓயாமல் பேசும் என் மகளை அப்படி நான் கண்டதில்லை. கை வலித்தும் இறக்கவில்லை.

"பந்து" என்றான் குமரன்.

அமெரிக்கா திரும்புவதற்குள் பூ, பூட்டு, தேங்காய் எல்லாம் அவன் வாயில் வந்தன. அயல்நாட்டில் பிள்ளை வளர்க்கும் அன்பர்களே, முகம் தெரியாத அந்தப் படக்காரர்கள் அறிந்து செய்த ஒரு நல்ல முறை, எங்கள் வீட்டு வேட்டியின் பின்னாலும் பழுதின்றி நடந்ததை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

அமெரிக்கா திரும்பிய மறுநாள் உமா நாடாவைப் போட்டாள். சிவப்புப் பந்து வந்து நின்றது. ஆங்கிலப் பெயர் ஒலித்து ஓய்ந்ததும் குமரன் தெளிவாக, "பந்து" என்றான். பிறகு எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் போனான். அங்கே கம்பிகளும் வெறுஞ்சுவரும் இருந்தன. அவற்றை உற்றுப் பார்த்து, "அத்தை" என்று அழைத்தான். அந்தச் சொல்லை யாரும் அவனுக்கு உயர்த்திக் காட்டியதில்லை.

அழைத்துவிட்டு, அவள் முறை வரட்டும் என்பதுபோல், பேசாமல் காத்து நின்றான்.