இஸ்திரிக்காரர் திரும்ப வாங்கிய தீர்ப்பு

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி மெஷின் ஓட்டுகிறவரை எல்லோரும் 'மூணுதரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் புது ஆல்பம் வந்தாலும் மூன்று தரம் முழுசாகக் கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார். நாமெல்லாம் முதல் பாட்டில் பாதியைக் கேட்டுவிட்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற ஆட்கள். அவர் அப்படியில்லை. ஆனால் சொன்னால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், மடித்து அடுக்கிய போர்வைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒருவருக்கு டிரம்ஸ் அதிகம். இன்னொருவருக்கு இது போன ஆல்பத்தின் கால்தூசி பெறாது. கத்தி ஓய்ந்ததும் எல்லோரும் மூணுதரத்தின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அன்று பேச்சு ஒரு புதுப் பாடகரின் ஆல்பத்தைப் பற்றி.

"எல்லாம் பிரமாதம். நாலாவது பாட்டுதான் மொட்டையா நிக்குது. பாவம், தனியா தவிக்கிறாரு. பின்னாடி கைகொடுக்க ஒரு குரல் இல்ல" என்றார் மூணுதரம்.

"எனக்கு ஏதோ பொண்ணு குரல் கேட்ட மாதிரி..." என்று இழுத்த வாஷிங் மெஷின்காரர், "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பின்வாங்கிவிட்டார்.

கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் அம்மா எப்போதும் மூணுதரத்தின் வலப்பக்கம்தான் உட்காருவார். அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"அதுல பின்னாடி பாடுனது என் மகதான்ணா. அவளுக்கு முதல் பாட்டு. உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டு எல்லாருக்கும் சொல்லலாம்னு இருந்தேன்."

"கேக்காததக் கேட்டேன்னு எப்படிம்மா சொல்றது?"

அந்த அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் மூணுதரத்துக்கு மனசு ஆறவில்லை. இயர்போனின் ஒரு பக்கத்தை மனைவியிடம் கொடுத்து, இன்னொன்றைத் தன் இடது காதில் வைத்து நாலாவது பாட்டைப் போட்டார்.

"யாருங்க இந்தப் பொண்ணு? குழையுதே!" என்றாள் மனைவி.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வைத்திருந்ததைப் பிடுங்கித் தன் இடது காதில் செருகினார். அந்தப் பெண் இருந்தாள். அவள் குரலை வலப்பக்க இயர்போனில் மட்டும் வரும்படி பதிவு செய்திருந்தார்கள். முதல் வரியிலிருந்து கூடவே வந்தாள். சில மாதங்களாகவே வலப்பக்கம் யார் கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லை. மெஷின் சத்தத்தின் மேல் பழியைப் போட்டிருந்தார்.

ஒற்றைக் காதுக்காரன் தீர்ப்பை இனி யார் மதிப்பார்கள்? 'இப்போ கேட்டா நல்லாத்தான் இருக்கு' என்று மழுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் வாய்திறக்கும் முன்பே அவர் எழுந்து நின்றார்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. குறை பாட்டுல இல்ல. என் வலது காது அவுட்டு. அந்தப் பொண்ணு இல்லேன்னா அந்தப் பாட்டே இல்ல."

தையல்காரம்மா மெல்லக் கேட்டார்: "மூணு தரம் கேட்டீங்களாண்ணா?"

"எண்ணலம்மா. எண்ணத் தோணல."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவருடைய இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.