அக்கா ஏறும் முன் மாட்ட வேண்டிய ஷாக் அப்சார்பர்

வளைகாப்புக்கு முந்தின நாள் எங்கள் காரின் இடது முன்சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. கழற்றியது நான்தான்.

மறுநாள் திருப்பத்தூரில் அக்காவுக்கு வளையல் போட்டதும் அவளைப் பிரசவத்துக்கு ஆம்பூருக்கு அழைத்து வர வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி தொம்மென்று விழுந்தது. ஏழாம் மாத வயிற்றோடு அவளை அதில் உட்கார வைக்க முடியாது. திங்கட்கிழமைதான் ஆகும் என்றுவிட்டார் மெக்கானிக். அப்பா வாடகை வண்டி பேசத் தயாராக இருந்தார். அக்காவோ, நம் வண்டிதான் வேண்டும், அதையும் நீதான் ஓட்ட வேண்டும் என்று என்னிடம் போனில் சொல்லியிருந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வரை அப்பாவிடம் அவகாசம் வாங்கினேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஷூ பேக்டரியில் லாஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்து ஒட்டும் பிரிவு அது. காரைப் பிரிப்பது இதுவே முதல் முறை. காலையிலிருந்தே எனக்குக் கல்யாண வீட்டுப் பரபரப்பு.

ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை வீட்டில் அமுக்குவது ஆபத்து என்பதால், அதோடு சேர்த்துக் கோத்த புதியதைக் கடையிலிருந்தே வாங்கி வந்திருந்தேன். மேலே மூன்று நட்டு, கீழே இரண்டு போல்ட்டு, பிரேக் குழாயைப் பிடிக்கும் கிளிப் ஒன்று. மனதில் இவ்வளவுதான் வேலை.

இடம்தான் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்ட இறக்கிய மணல் எங்கள் கேட்டை மறித்திருந்தது. சாயங்காலம் அள்ளிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை வண்டியைத் திருப்பி நிறுத்த வழியில்லை. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலை மடக்கினால் முதுகு உரசியது. நீள ஸ்பேனர் அரைச் சுற்றுக்குள் சுவரில் இடித்தது. குட்டை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி திருப்பினேன். பழையது கையோடு வந்தபோது எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

புதியதை உள்ளிருந்து தூக்கிப் பிடித்தேன். பானெட் பக்கம் நின்ற அம்மா, மேலே எட்டிப் பார்த்த மூன்று திருகில் ஒன்றில் நட்டைப் போட்டாள். கை நழுவிவிடுமோ என்ற பயத்தில், அதை நன்றாக முறுக்கச் சொன்னேன். முறுக்கினாள். மற்ற இரண்டு நட்டும் உட்காரவில்லை. கீழே போல்ட்டுத் துளைகள் பிறை நிலா மாதிரி பாதி மூடி நின்றன. தள்ளினேன், நெம்பினேன். அசையவே இல்லை.

அப்பா வந்து குனிந்தார். "வண்டிக்கு போன் போட்டுடட்டுமா?"

"இன்னும் வெளக்கு வெக்கலயேப்பா."

சுவரில் தலையைச் சாய்த்தபோதுதான் புரிந்தது. பேக்டரியில் தினமும் நான் சொல்வது இதைத்தான்: ஷூவின் மூக்கை லேசாகப் பிடி, இரண்டு பக்கமும் மாறி மாறி இழு, ஒரே பக்கத்தை முடித்துவிட்டால் மறுபக்கம் கோணிக்கொள்ளும். நட்டைத் தளர்த்தும்படி அம்மாவிடம் சொல்லிக் காரணத்தையும் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே, வூட்டுக்கு வந்தா மறந்துட்றே" என்று அம்மா சிரித்தாள். அவளும் முன்பு அதே வேலை பார்த்தவள்தான்.

மூன்று நட்டையும் விரலால் மட்டும் மாட்டினோம். ஷாக் அப்சார்பர் லேசாக ஆடியது. அடியில் இன்னொரு ஜாக்கியை வைத்து மெல்ல ஏற்றினேன். துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றன. போல்ட்டு, தள்ளாமலே, தானாக உள்ளே போனது. அந்த வழுக்கலை என் விரல் இன்னும் மறக்கவில்லை. பிறகு மாறி மாறி எல்லாவற்றையும் இறுக்கி, கிளிப்பையும் மாட்டினேன்.

மணல் அள்ளி முடிந்ததும் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நெடுஞ்சாலைக்கு வரும் வழியில், கை நிறைய வளையலோடு பின்சீட்டிலிருந்த அக்கா கேட்டாள். "இன்னாடி, வேகத்தடைய எல்லாம் ஒடச்சிட்டாங்களா?"

"இப்பதான் ஒண்ணு தாண்டினோம்."

"எங்க, அடுத்ததுல கொஞ்சம் வேகமா ஏத்து, பாக்கலாம்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா என் தோளில் ஓர் அடி போட்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.