ரிவர்ஸ்டன் பாதையில் காயாத மிளகு

எங்கள் ஹாலிஎல மிளகுச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாய். வெயில் சூட்டில் மிளகு காயவைக்கிற சோலர் டிரையர் ஒன்று வாங்கலாமா என்று மூன்று கூட்டம் கத்தியும் முடிவில்லை. "ரத்தோட்டைப் பக்கம் நல்லா ஓடுதாம், ஆராய்ச்சி அறிக்கையிலயே போட்டிருக்கு, நீயே பாத்துட்டு வா" என்று கடைசியில் என் தலையில் கட்டினார்கள். எழுதத் தெரிந்தவனுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை இதுதான். போன டிசம்பரில் மழையோடு கிளம்பினேன்.

முதல் நாள் கண்டியில் தங்கி, காலை ஆறரைக்கு மாத்தளை பஸ் பிடித்தேன். இருபத்தாறு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாத்தளையில் டீயும் ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டு ரத்தோட்டைக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து ரிவர்ஸ்டன் பாதையில் மேலே ஏறி, காத்திருந்து திரும்பக் கூட்டிவர த்ரீவீலுக்கு மூவாயிரம் ரூபாய் பேசினேன். ஓட்டியவர் நியாஸ் நானா, வாய் ஓயாத மனுஷர்.

"மிளகு காயவைக்கிற வெயில் பெட்டியப் பாக்கவா? வர்றேன்னு முன்னாடியே சொல்லிட்டீங்களா?"

"இல்ல நானா, சும்மாதான் போறேன்."

"அப்ப வெறும் பெட்டியத்தான் பாப்பீங்க. சொல்லிட்டுப் போனாத்தான் அதுல மிளகு இருக்கும்" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். சின்ன அறை அளவுக்குப் பெட்டி, உள்ளே விறகு அடுக்கியிருந்தது. அதைப் பொறுப்பேற்ற பன்னிரண்டு குடும்பத்துக்கும் தலைவி செல்வராணி அக்கா. என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. யார் அனுப்பியது என்று கேட்டார். நானும் மிளகுக்காரன்தான் என்ற பிறகுதான் உட்காரச் சொல்லி பிளேன்டீ கொடுத்தார்.

"அது வேலை செய்யல தம்பி. தம்புள்ளப் பக்கத்து வெயில்ல செஞ்சு பாத்தது. இங்க மிளகு பறிக்கிற மாசம் சூரியனையே காணமாட்டோம். ரெண்டே நாள்ல கீழ்த்தட்டுலயிருந்து வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிருச்சு."

ஆகவே பழையபடி அடுப்புக்கு மேல் பரணில்தான் காயவைக்கிறார்கள். புகை வாடை அடிக்கிறது என்று யாவாரி விலையைக் குறைக்கிறான். அந்த வாடையைப் போக்கத்தான் பெட்டியே வந்தது.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெட்டியை வடிவமைத்தது இளம் இஞ்சினியர் ஒருத்தி, இவர்களுக்கு 'மிஸ்'. மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து, அக்கா வீட்டிலேயே பாயில் படுத்து, இவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டவள். "அந்தப் புள்ள மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?" என்றார் அக்கா. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த பெரிய ஆட்கள் பார்க்க வரும் நாட்களில் பரணில் காய்ந்த மிளகைக் கொண்டுபோய்த் தட்டில் பரப்பி வைத்திருக்கிறார்கள். போட்டோவெல்லாம் எடுத்தார்களாம்.

மிஸ் கேட்காமலும் இல்லை. குறை இருந்தா சொல்லுங்க, அடுத்த வருஷக் காசில் சரிபண்ணலாம் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறாள்.

"விருந்துல உப்பு சரியான்னு கேட்டா, இல்லைன்னு யாராச்சும் சொல்வாங்களா? அது மாதிரின்னு நெனச்சிட்டோம் தம்பி."

குறையே இல்லாததால் ஆராய்ச்சி முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். சரிசெய்ய ஒதுக்கிய பணம் திரும்பிப் போனது, மிஸ்ஸின் வேலையும் அதோடு போனது. அதே பெட்டி மழைக்கார ஊர் பலவற்றுக்கும் ஏறிப் போயிருக்கிறது. "பாராட்டிப் பாராட்டியே அந்தப் புள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டோம்" என்று அக்கா அழுதார். மிஸ்ஸின் நம்பரைக் கொடுத்து, "எனக்கு வாய் வரல, நீங்களாவது சொல்லிடுங்க" என்றார்.

இறங்கும்போது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. புதிதாக ஒன்று செய்யப் பணம் கொடுப்பவர்கள், அது தோற்றால் திருத்தவும் கொஞ்சம் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். தோற்றுவிட்டது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். டிசம்பரில் காட்சி பார்க்கப் போகாதீர்கள், மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. அட்டைக் கடிக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் மூன்றுக்கு மேல் மலையில் பஸ்ஸை நம்ப வேண்டாம். இயந்திரம் எதையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் மழை மாதத்தில், சொல்லாமல் போங்கள். எங்கள் சங்கம் பெட்டி வாங்கவில்லை.

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நின்று மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். இப்போது கொழும்பில் ஒரு போன் கடையில் வேலையாம். அக்கா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லி நான் விஷயத்துக்கு வருமுன்பே, "பெட்டி எப்படி இருக்கு? மனசு சரியில்லாதப்ப அதத்தான் நெனச்சுக்குவேன். நான் செஞ்சதுல அது ஒன்னாவது உருப்படியா ஓடுதேன்னு" என்றார். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.



"அக்கா ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க மனசு நொந்துடுவீங்கன்னுதான்."

எந்தத் தட்டில் முதலில் பூஞ்சணம் பிடித்தது என்று கேட்டார். கீழ்த்தட்டில் என்றேன்.

"அடுப்புச் சூட்டக் குழாய் வச்சு பெட்டிக்குக் கீழ இழுக்கணும், புகை சேராம. ரெண்டு மாச வேலை" என்றவர், அதோடு இதையும் சொன்னார்: "அதுக்கு அந்த வருஷம் காசு இருந்துச்சுங்க."